நல்லமிளகு காயும் வரை

கன்னியாகுமரி மாவட்ட மலைப் பழங்குடியான காணி மக்களின் தொழிலுக்குக் கைகொடுக்கப் போகிறவர்கள் பாக்கெட், லேபிள் என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். பேச்சிப்பாறை அணையைப் படகில் கடந்து போகவேண்டிய குடிகளில் சிக்கல் அதற்கு வெகு முன்னாலேயே இருக்கிறது. மழையில் ரப்பர் பால்வெட்டு நின்றுபோனால் கையில் காசிருக்காது. வியாபாரி முன்பணம் தருவார். அதை வாங்கிய வீட்டின் நல்லமிளகு (கருமிளகு) பச்சையாகவே, அவர் சொன்ன விலைக்குப் போகும்.

மூன்று கிலோ பச்சை காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ. காய்ந்த மிளகின் சந்தை விலையை மூன்றால் வகுத்துப் பாருங்கள். காயவைக்கும் கூலி போக, பச்சைக்கு அதைவிட எவ்வளவு குறைகிறதோ அதுதான் முன்பணத்தின் வட்டி. எந்த நோட்டிலும் எழுதாத வட்டி.

ஆகவே சேர்ந்து விற்க அமைக்கும் சுய உதவிக் குழு முதலில் வாங்கவேண்டியது தார்ப்பாய். சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்தபின் பறித்து, உதிர்த்து, ஓட்டைக் கூடையில் போட்டுக் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் நிறம் ஒரேபோலக் கறுக்கும். வெயில் நன்றாக இருந்தால் மூன்று நான்கு நாளில் காயும். ஈரம் 11 சதவீதத்துக்கு மேல் நிற்கும்போது சாக்கில் கட்டினால் பூசணம் பிடிக்கும். காட்டு நிழலிலும் மூடுபனியிலும் இந்தத் தவறுதான் அடிக்கடி நடக்கிறது. மண் தரையில் காயப்போட்டால் கல்லும் தூசியும் சேர்ந்து விலை இறங்கும்.

பலர் சரக்கை ஒன்றாகக் கொட்டினால் சண்டை நிச்சயம். அவசரத்தில் பிஞ்சாகப் பறித்தவரின், உள்ளே கனமில்லாத பொக்கு மிளகுக்கு, முற்றவிட்டுப் பறித்தவர் நட்டப்படுவார். ஒவ்வொரு வீட்டுச் சரக்கிலும் ஒரு கிலோவைத் தனியே காயவைத்து எடை போடுங்கள். ஒருவருக்கு 330 கிராம் நிற்கும், இன்னொருவருக்கு 250. அவரவர் கொடுத்த பச்சையின் கிலோவை இந்த எடையால் பெருக்கி, பணத்தை அந்த விகிதத்தில் பிரித்தால் பேச்சுக்கு இடமில்லை. பச்சையை ஒப்படைத்த அன்றே பாதித் தொகையாவது கொடுத்துவிடவேண்டும். இல்லையென்றால் அடுத்த முறை சரக்கு வியாபாரியிடமே போய்விடும்.

அந்தப் பணத்துக்கு வங்கிக்குப் போனால் ஈடு கேட்பார்கள். 2006 வன உரிமைச் சட்டப்படி கிடைத்த நிலம் வாரிசுக்குப் போகும். விற்கவோ மாற்றவோ முடியாது, அதனால் ஈடாகாது. தனி ஆளாகப் போனால் கதவு திறப்பது அரிது. தேசிய ஊரக வாழ்வாதாரத் திட்டத்தில் உள்ள சுய உதவிக் குழுவாகப் போனால் 20 லட்சம் ரூபாய் வரை ஈடு கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மேலாளருக்கு அதை நினைவூட்ட வேண்டியிருக்கும்.

குழுக் கூட்டத்தைக் காலையில் வைக்காதீர்கள். ரப்பர் பால் வெட்டி, ஷீட் அடித்து முடிக்க நண்பகலாகும். குடியின் தலைவரான மூட்டுக்காணியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கடைசிப் படகு எப்போது என்று கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.