பல்லி மூத்திரமும் ஒரு மருந்துச் சீட்டும்

பல் மருத்துவம் முடித்து, கோபிப் பக்கம் ஒரு சின்ன கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். கடைவாய்ப் பல்லைப் பிடுங்க நேரம் வாங்கியிருந்த ஒரு பெண் தன் மாமியாரோடு வந்தார். கீழுதட்டு ஓரத்தில் கொத்தாக ஏழெட்டு நீர்க்கொப்புளங்கள்; வந்து மூன்று நாளாகிறதாம். "ராத்திரி தூங்கறப்ப பல்லி பேஞ்சிருச்சாட்ட இருக்குதுங்க" என்றார் மாமியார்.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. படித்த திமிர். இன்றைக்குப் பல் எடுக்க வேண்டாம், பத்து நாள் கழித்து வாருங்கள் என்று சொல்லிவிட்டு, சீட்டில் 'ஹெர்ப்பிஸ் லேபியாலிஸ்' என்று எழுதி (ஹெர்ப்பிஸ் வைரஸால் உதட்டில் வரும் கொப்புளம், அவ்வளவுதான்), கீழே அந்த வைரஸுக்கான அசைக்ளோவிர் களிம்பையும் எழுதிக் கொடுத்தேன். இரண்டு நிமிஷ வேலை.

ஏன் தள்ளிப்போடுகிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். பல்லை எடுக்க உதட்டை இழுத்துப் பிடிக்க வேண்டும், கொப்புளம் கிழியும். அந்த நீரில்தான் வைரஸ் நிறைந்து கிடக்கிறது. எல்லோரும் கையுறை போடத் தொடங்குவதற்கு முன்னால் பல் டாக்டர்களுக்கு விரல் நுனியில் இதே கொப்புளம் வருவதுண்டு. 'ஹெர்பெடிக் விட்லோ' என்று அதற்குத் தனிப் பெயரே இருக்கிறது. எங்கள் பெரிய டாக்டர் தன் ஆள்காட்டி விரலைக் காட்டி, இதே இடத்தில் இன்னும் எப்போதாவது வரும் என்பார்.

சாயங்காலம் அந்தப் பெண்ணின் கணவர் மட்டும் வந்தார். சீட்டில் இருந்த பெயரை செல்போனில் தேடிப் பார்த்திருக்கிறார். "மேடம், இது அந்த மாதிரி நோய்னு போட்டிருக்கே..." அதற்கு மேல் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. வீட்டில் அதற்குள் என்ன பேச்சு நடந்திருக்கும் என்பது முகத்திலேயே தெரிந்தது. பல்லி மூத்திரம் என்றது தப்புதான். ஆனால் அந்தத் தப்பால் யாருக்கும் தலைகுனிவு வரவில்லை. நான் சரியாக எழுதிய பெயரால் வந்துவிட்டது.

உட்காரச் சொல்லி, காலையில் சொல்லியிருக்க வேண்டியதை அப்போது சொன்னேன். இந்த வைரஸில் இரண்டு வகை. உடலுறவில் பரவி, பெரும்பாலும் இடுப்புக்குக் கீழே வருவது இரண்டாம் வகை. உதட்டில் வருவது அநேகமாக முதல் வகை. வாய்வழி உறவில் அது கீழேயும் போகலாம், அதையும் மறைக்கவில்லை. ஆனால் பெரும்பாலானோருக்கு இது சின்ன வயதிலேயே பெரியவர்கள் கொடுத்த முத்தத்தில், எச்சிலில் ஒட்டிக்கொள்வது. உலகத்தில் 50 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 380 கோடி பேருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு மதிப்பீடு சொல்கிறது.

உள்ளே புகுந்த வைரஸ் நரம்பு வழியாக ஏறி, மண்டையோட்டுக்குள் இருக்கும் ஒரு நரம்பு முடிச்சில் போய்ப் படுத்துவிடும். அங்கிருந்து அதைத் துரத்த மருந்து கிடையாது. காய்ச்சல், கடும் வெயில், மாதவிலக்கு, மனக்கவலை என்று ஏதாவது வந்தால் அதே நரம்பு வழியாக இறங்கி வரும். அதனால்தான் சிலருக்கு ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வருகிறது. அவ்வளவு குறிபார்த்துப் பெய்யப் பல்லிக்குத் தெரியாது.

"ஸ்கூல்ல பரீட்சை வந்தாலே வருமுன்னு சொல்லுவா" என்றார் மெதுவாக. கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப எனக்கும் இருக்குமா மேடம்?"

இருக்கலாம் என்றேன். இருந்தும் வாழ்நாள் முழுக்க ஒரு கொப்புளம்கூட வராதவர்கள் நிறைய. புண் இல்லாத நாளிலும் எச்சிலில் வைரஸ் கொஞ்சம் வெளியே வரலாம். யாரிடமிருந்து யாருக்கு என்ற விசாரணைக்கே இதில் இடமில்லை.

அன்றிலிருந்து வாயால் சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். 'உதட்டில் வரும் அக்கி' என்று சொல்லிப் பார்த்தேன். அதிலும் வம்பு: சின்னம்மைக் கிருமியால் வரும் அக்கியும் அதே பேரில்தான் இருக்கிறது, உடனே காவி எழுதக் கிளம்பிவிடுகிறார்கள். காவியோடு நான் சண்டை போடுவதில்லை. கண்ணுக்குப் பக்கத்தில் கொப்புளம் வந்தால் மட்டும் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் கண் டாக்டரிடம் போகச் சொல்வேன். கருவிழியில் தழும்பு விழுந்தால் பார்வை போகும். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பும் வேண்டாம். அசைக்ளோவிரைக்கூட உதடு சுறுசுறுவென்று இழுக்கும் அந்த முதல் நாளிலேயே தொடங்கினால்தான் பலன். அந்தப் பெண்ணுக்கு மூன்றாம் நாள் நான் எழுதிய களிம்பு, உண்மையைச் சொன்னால், தெண்டம்.

பத்து நாள் கழித்து அவர் வந்தார். பல்லை எடுத்து, பஞ்சைக் கடிக்கச் சொல்லி அனுப்பினேன். துணைக்கு வந்த மாமியார் மட்டும் எழுந்திருக்கவில்லை. அவருடைய மேலுதட்டில் இப்போது சின்னதாக ஒரு பக்கு. பெருந்துறையில் மகளுக்குக் குழந்தை பிறந்து பன்னிரண்டு நாளாம்.

"பல்லி பேஞ்சிருந்தா பாப்பாவப் பாக்கப் போலாமுங்களா கண்ணு?"

பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கு இது தொற்றினால் மூளை, ஈரல் வரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம். அதை அவர் பயந்துவிடாதபடி சொன்னேன். "பக்கு உதிர்ந்து தோல் ஆறட்டும்மா. அப்புறம் போங்க. கையக் கழுவிட்டுத் தூக்குங்க. முத்தம் மட்டும் வேண்டாம்."

கொஞ்சம் யோசித்தார். "கன்னத்துலயுமா?"

"கன்னத்துலயும்தாம்மா."