வெயிலில் நிற்கப்போகும் பானட்

நிஸானின் பழைய கார் டாட்சன் 240 ஸெட்டுக்குக் கார்பன் இழைத் துணியில் பானட் (எஞ்சினை மூடும் மேல்மூடி) செய்கிறேன் என்றதும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "நெசவு வெளியே தெரியுமா, அண்ணே?" தெரியாது. வண்ணம் பூசிவிடுவேன்.

அந்தக் கார் ஜப்பானில் 1969ஆம் ஆண்டு அறிமுகமானது. ஃபார்முலா ஒன்றில் கார்பன் இழையால் ஆன உடற்கூட்டைக் கொண்ட முதல் கார், மெக்லாரன் எம்பி4/1, ஓடியது 1981இல். ஆகவே கறுப்பு நெசவு பளபளக்கும் பானட் அந்தக் காரின் முகத்தில் அந்நியமாகத்தான் நிற்கும். ஆனால் எடை குறைந்த பானட் அந்தக் குடும்பத்துக்கு அந்நியம் அல்ல. பந்தயத்துக்கென நிஸான் செய்த, இதே காரின் 432-ஆர் வகையில் கண்ணாடி இழை பானட்தான் இருந்தது. அந்தப் பொறியாளர்கள் தேடியது எடைக் குறைப்பு; நான் செய்வதும் அதுவே.

இன்னொரு காரணம் துரு. பழைய இரும்பு பானட்டின் மேல்தகட்டுக்கும் உள்சட்டத்துக்கும் நடுவே நுழையும் ஈரம் நம் சிங்கப்பூர்க் காற்றில் எளிதில் உலர்வதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் தெரியும். விளிம்பை விரலால் அழுத்தினால் பொரிந்து வரும். இங்கே பழங்காலக் கார்த் திட்டத்தில் பதிந்த வண்டி ஆண்டுக்கு 45 நாட்கள்தான் சாலையில் ஓடலாம். மற்ற நாட்களெல்லாம் நின்றபடியே துருப்பிடிக்கிறது.

வெளிநாட்டில் விற்கும் ஆயத்த பானட்டை வாங்கிப் பொருத்தலாமே என்பார்கள். ஐம்பது ஆண்டுகளில் இரண்டு மூன்று கைகள் மாறி, தட்டி நிமிர்த்தப்பட்ட கார் இது. இதன் இடது ஃபெண்டரும் (முன்சக்கரத்தின் மேலுள்ள பக்கத் தகடு) வலது ஃபெண்டரும் ஒரே வளைவில் இல்லை. இந்தக் காரின் பானட்டிலிருந்தே அச்சு எடுத்தால்தான் இடைவெளி நான்கு பக்கமும் சீராக வரும். மூல பானட்டையும் வெட்டாமல் பத்திரமாக வைத்திருக்கலாம்.

அச்சு வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் துவாஸ் பக்கம் படகு பழுதுபார்த்த ஓர் அண்ணன். "கார்பன் துணி விரிக்கிறது ஒரு மதியம், தம்பி. அச்சுதான் வேலை," என்பார். பானட்டின் பள்ளங்களை நிரப்பி, தேய்த்து, மெருகேற்றி, மெழுகை அடுக்கடுக்காகப் பூசவேண்டும். மூலத்தில் விட்ட ஒரு கீறல், அதிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு பாகத்திலும் வந்து நிற்கும். அச்சைச் சுற்றிலும் அகலமான விளிம்பு விடவேண்டும். துணியை அச்சோடு அழுத்திப் பிடிக்கும் வேக்யூம் பையின் ஒட்டுநாடா அங்கேதான் உட்காரும். பம்ப் காற்றை முழுதாக உறிஞ்சிவிட்டால் ஒரு சதுர மீட்டர் மீது வளிமண்டலம் ஏறத்தாழ 10 டன் பாரத்தோடு அழுத்துகிறது. குழாயை மூடிவிட்டு அளவுமானியைப் பாருங்கள். முள் அசைந்தால் எங்கோ கசிகிறது. அதைக் கண்டுபிடிக்கும்வரை ரெசினை, அதாவது துணியில் ஊறி இறுகும் எபாக்சிப் பிசினை, கலக்கவே கூடாது.

எடைக் கணக்கு எளிது. 0.8 மில்லிமீட்டர் இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 6 கிலோவுக்குச் சற்று மேல். 2 மில்லிமீட்டர் கார்பன் தகடு 3 கிலோ சொச்சம். துணி அடுக்குகளுக்கு நடுவே 5 மில்லிமீட்டர் நுரைப்பலகை வைத்தால் கார்பனை இன்னும் குறைக்கலாம். விறைப்பு தடிமனோடு மளமளவென்று ஏறுவதால், எடை ஏறாமலே பானட் நடுவில் தொய்யாமல் நிற்கும்.

சிங்கப்பூரில் இந்த வேலையை ஆள்வது வெப்பம். ரெசின் டப்பாவில் எழுதியிருக்கும் வேலை நேரம் பெரும்பாலும் 20 அல்லது 25 டிகிரிக்கானது. பத்து டிகிரி ஏறினால் வினை ஏறக்குறைய இரட்டிப்பு வேகத்தில் நடக்கும். பிற்பகலில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு வாளி ரெசினைக் கலந்து வைத்தால் அது புகையத் தொடங்கும். ரெசினை மெதுவாக இறுகவைக்கும் ஹார்டனரை வாங்குங்கள். அகலமான தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலவுங்கள். ஈரப்பதமும் சும்மா இருக்காது. இறுகும் எபாக்சியின் மேல் பிசுபிசுப்பான, மெழுகு போன்ற படலம் படியும். அதை வெதுவெதுப்பான நீரால் கழுவாமல் அடுத்த பூச்சைப் போட்டால் ஒட்டாது. அதனால் குளிரூட்டிய அறையில்தான் துணி விரிக்கிறேன்.

பலர் விட்டுவிடும் கட்டம் இதற்குப் பிறகு வருகிறது. அறை வெப்பத்தில் மட்டும் இறுகவிட்ட எபாக்சி பெரும்பாலும் 50, 60 டிகிரி அளவிலேயே இளக ஆரம்பிக்கும். திறந்தவெளிக் கார்நிறுத்தத்தில் நண்பகல் வெயிலில் நிற்கும் அடர்நிற பானட் 70 டிகிரியைத் தொடலாம். பிறகு என்ன ஆகும்? வண்ணத்துக்கு மேலே நெசவின் தடம் எழும்பும். பரப்பு லேசாக நெளியும். அதுவரை பட்ட பாடெல்லாம் வீண். எனவே பாகத்தை அச்சிலிருந்து கழற்றாமலே சூட்டறையில் வைத்து, ரெசின் செய்தவர்கள் தரும் அட்டவணைப்படி வெப்பத்தை மெல்ல ஏற்றி, மெல்ல இறக்கவேண்டும். அச்சும் அந்தச் சூட்டைத் தாங்கும் ரெசினில் செய்யப்பட்டிருக்கவேண்டும். இதை முதல் நாளே யோசிக்காவிட்டால் பிறகு வழியில்லை. ஒட்டுப்பலகைப் பெட்டி, உள்ளே காப்புப் பலகை, ஒரு ஹீட்டர், நல்ல வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி, இரண்டு மூன்று இடங்களில் உணரிகள்: பானட் அளவுக்கு இது போதும். பணம் குறைவாக இருந்தால் விலையுயர்ந்த துணியை விடுங்கள், சூட்டறையை விடாதீர்கள்.

மேலே வெயில் என்றால் கீழே எஞ்சின். இந்த 2.4 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினில் கார்புரேட்டரும் புகைபோக்கிக் குழாய்களும் ஒரே பக்கம், இடதுபுறம். வண்டியை நிறுத்தியபின் அந்தச் சூடு நேராக மேலே ஏறுகிறது. அந்த இடத்தில் பானட்டின் அடியில் வெப்பத் தடுப்புத் தாள் ஒட்டுவேன்.

கீல்களைப் பற்றியும் சொல்லவேண்டும். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். அலுமினியம் அதை நேரடியாகத் தொட்டு, நடுவே ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும். உலோகம் உட்காரும் இடங்களில் ஓர் அடுக்கு கண்ணாடி இழையை இடையே வைத்தால் தீர்ந்தது. இந்தக் காரின் பானட் முன்பக்கம் கீல் கொண்டது. ஓட்டத்தில் கொக்கி விட்டாலும் காற்று அதை மூடவே பார்க்கும். ஆனாலும் பூட்டும் கொக்கியும் இரும்பிலேயே இருக்கட்டும்.

வெட்டும்போது முகமூடியும் நீண்ட கையுறையும் கட்டாயம். தேய்ப்பதை நீர் ஊற்றியே செய்யுங்கள். அந்தத் தூசு தோலில் குத்தி அரிக்கும், பட்டறை மின்கருவிகளுக்குள் புகுந்தால் அவற்றையும் கெடுக்கும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இந்த வேலை வேண்டாம். அண்டை வீட்டுக் குழந்தைகள் இருக்கிறார்கள்.

பானட் இப்போது சூட்டறையில் இருக்கிறது. அது வெளியே வந்ததும் ஓரங்களைச் செதுக்கி, காரில் வைத்து இடைவெளி பார்த்து, பிறகு புற ஊதாக் கதிரைத் தாங்கும் பூச்சோடு வண்ணத்துக்கு அனுப்புவேன். அடுத்தது முகப்பு விளக்குகளின் குழிவான உறைகள். இடதுபுற உறையின் அச்சுக்கு மெழுகு பூசத் தொடங்கிவிட்டேன்.