விசில் இல்லாத குக்கரும் தை மாசத்து அரிசியும்

தம்பி சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தபோது தைலம், சாக்லேட்டோடு ஒரு கரண்ட் பிரஷர் குக்கரையும் தூக்கிக்கொண்டு வந்தான். 6 லிட்டர், 1000 வாட்ஸ். அங்கேயும் 230 வோல்ட்தான், அதனால் கரண்ட் பிரச்சினை இல்லை, ஆனால் பிளக்கின் கட்டைக் கால்கள் நம் வீட்டுச் சுவரில் நுழையாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒயரின் தலையை வெட்டி நம்ம ஊர் பின் மாட்டிய பிறகுதான் அடுப்படிக்குள் வந்தது.

முதல் நாள் அம்மா பக்கத்திலேயே நின்றார். பத்து நிமிஷம் ஆச்சு, சத்தமே இல்லை. "ஏண்டி, இது எத்தனை விசிலு வரும்?" விசிலே வராதும்மா என்றதும் அவர் முகத்தைப் பார்க்கணுமே. கொல்லையில் துணி துவைத்துக்கொண்டே "மூணாச்சு, அடுப்பை அணை" என்று குரல் கொடுத்துப் பழகியவர்.

விசில் இல்லாததில்தான் எல்லா விஷயமும் இருக்கிறது. அடுப்புக் குக்கர் ஒவ்வொரு விசிலுக்கும் ஆவியை வெளியே துப்பும், அந்தத் தண்ணீர் போனது போனதுதான். இதில் மூடியில் இருக்கும் குட்டிப் பித்தான் மேலே எழும்பி அடைத்துக்கொண்டால் அப்புறம் பெரிதாக எதுவும் வெளியே போகாது. ஆக அடுப்புக்கு ஊற்றும் அளவை அப்படியே இதில் ஊற்றினால் குழையும். இன்னொன்று, அடுப்புக் குக்கரில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு, உள்ளே சூடு 121 டிகிரி வரை போகும். கரண்ட் குக்கர்கள் பெரும்பாலும் 10, 12 பவுண்டோடு நிறுத்திக்கொள்ளும், சூடும் நாலைந்து டிகிரி குறைவு. அதனால் நேரம் கொஞ்சம் கூட வேண்டும். திரையில் 8 நிமிஷம் என்று வைத்தால் 8 நிமிஷத்தில் சோறு ஆகிவிடும் என்று நம்பாதீர்கள். பிரஷர் ஏறப் பத்து, வேக எட்டு, தானாக அடங்கப் பத்து, மொத்தம் அரை மணி. வேகமான சாமான் இல்லை இது. ஆனால் வைத்துவிட்டு நான் ரேஷன் கடைக்குப் போய் வரலாம், அது போதும் எனக்கு.

சரி, அரிசிக்கு வருகிறேன். வீட்டில் அன்றாடம் பொன்னி புழுங்கல்தான். ஒரு ஆழாக்குக்கு அடுப்பில் மூன்று ஆழாக்கு தண்ணீர் வைப்போம். இதில் இரண்டேகால் வைத்து, 8 நிமிஷம், பித்தான் தானாக இறங்கும் வரை மூடியைத் தொடாமல் விட்டேன். பொலபொலவென்று வந்தது. கார்த்திகை, மார்கழி முழுக்க இதே கணக்கு, ஒரு நாள் பிசகவில்லை. நான் நிபுணர் ஆகிவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தை பிறந்தது. சம்பா அறுத்து, நெல்லை மில்லில் அவித்து அரைத்து மூட்டை வந்து இறங்கியது. அதே ஆழாக்கு, அதே இரண்டேகால், அதே 8 நிமிஷம். மூடியைத் திறந்தால் களி! கரண்டியைக் குத்தினால் நட்டுக்கொண்டு நிற்கிறது. அப்பாவுக்கு மறுநாள் காலை பழைய சோறு வேண்டும், ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்தது விடிந்ததும் கஞ்சியாகக் கரைந்து கிடந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, மோரை ஊற்றிக் குடித்துவிட்டு, "புது அரிசிக்கு யாராச்சும் இவ்ளோ தண்ணி வைப்பாங்களா" என்று மட்டும் கேட்டார்.

அவ்வளவு காலமும் நான் சமைத்தது ஒரு வருஷத்துப் பழைய அரிசி. நாள்பட நாள்பட அரிசி இறுகும், தண்ணீரை நிறையக் குடிக்கும், பருக்கை தனித்தனியாக நிற்கும். புதுசு அப்படியில்லை, சீக்கிரம் குழைந்து ஒட்டும். அம்மாவுக்கு இது கைக்கே தெரியும், மூட்டை மாறினால் யோசிக்காமல் அரை ஆழாக்கு குறைத்துவிடுவார். நான் மிஷினோடு வந்த புத்தகத்தை நம்பினேன், அதில் எங்கே தை மாசம் இருக்கிறது! இப்போது புது அரிசிக்கு ஒன்றேமுக்கால், 6 நிமிஷம். வெண்பொங்கலுக்கு மட்டும் புதுப் பச்சரிசியை அடித்துக்கொள்ள ஆளில்லை, குழைவதுதானே அங்கே வேண்டும்.

கருப்புக் கவுனி, மாப்பிள்ளைச் சம்பா எல்லாம் வேறு ஜாதி. ராத்திரியே ஊறப்போட்டு அரை மணி நேரம் வைத்தால்தான் பல்லுக்கு இறங்கும்.

பருப்பில் குக்கரைக் குற்றம் சொல்வதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள். எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்புக் கரிக்கும், அதில் துவரம்பருப்பு எத்தனை நிமிஷம் வைத்தாலும் விறை விறையாகத்தான் நிற்கிறது. அதையே கொள்ளிடம் கூட்டுக் குடிநீர் வரும் நாளில் பிடித்து வைத்த தண்ணீரில் அரை மணி ஊறவைத்துப் போட்டால் 10 நிமிஷத்தில் வெண்ணெயாக மசிகிறது. ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டால் நுரை அடங்கும். பருப்பு, கஞ்சி மாதிரி நுரைக்கிற எதையும் பாதிப் பாத்திரத்துக்கு மேல் நிரப்பாதீர்கள், அவசரப்பட்டு ஆவியைத் திறந்தும் விடாதீர்கள். நான் விட்டேன். சுவரில் இன்னும் மஞ்சள் கறை இருக்கிறது.

மூடியில் இருக்கும் ரப்பர் வளையம் ஒரு தொல்லை. சாம்பார் வைத்த மறுநாள் பாயசத்தில் பெருங்காய வாசம் வந்தது. இனிப்புக்குத் தனியாக இன்னொரு வளையம் வாங்கி வைத்திருக்கிறேன்.

எதிர்பாராத லாபம் பனங்கிழங்கு. தோலை உரித்து, இரண்டாக உடைத்து, மஞ்சளும் உப்பும் போட்டு 25 நிமிஷம். அடுப்பில் பெரிய பானை வைத்து ஒரு மணி நேரம் கேஸை எரிக்கிற வேலை மிச்சம்.

கரண்ட் போனால்? பாதியில் போய்விட்டுத் திரும்பி வந்தால் எங்களுடையது எல்லாவற்றையும் மறந்துவிட்டு முதலிலிருந்து கேட்கிறது. அம்மா இதைத்தான் பிடித்துக்கொள்வார். 2018 கஜா புயலுக்கு அப்புறம் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தோமே, அப்போது முறிந்து விழுந்த தென்னை மட்டையை எரித்துத்தான் சோறு பொங்கினோம். "இது இருந்திருந்தா அன்னிக்கு என்னடி செஞ்சிருப்ப?" பதில் இல்லை என்னிடம். பழைய குக்கரைப் பரணில் போடவில்லை.

நேற்று அடுத்த மூட்டை பிரித்தோம். மேலே ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருக்கிறேன்: தை அறுப்பு, ஒன்றேமுக்கால். ஆடியில் இரண்டாக்கிப் பார்க்கணும்.