திருச்செந்தூர் நடைக்கு நெத்தி லைட்டு வாங்கப் போறீங்களா

தைப்பூசத்துக்கு நெல்லையில இருந்து திருச்செந்தூருக்கு நடக்குறவங்க பாதி பேரு ராத்திரியில தான் நடப்பாங்க, பகல்ல தார் ரோடு காலைச் சுட்டுரும். கிருஷ்ணாபுரம், செய்துங்கநல்லூர், கருங்குளம்னு ஊர் வர்ற இடத்துல தெருவிளக்கு இருக்கு, ஊருக்கும் ஊருக்கும் நடுவுல தான் கும்மிருட்டு. ஒரு கையில தண்ணி பாட்டில், இன்னொரு கை பையைப் பிடிச்சிருக்கும், அதனால தலையில மாட்டுற லைட்டு தான் சரி.

கடையில கேட்டீங்கன்னா முதல்ல லூமென்ஸ் (லைட்டுல இருந்து வர்ற மொத்த வெளிச்சத்தோட அளவு) தான் சொல்லுவாங்க, "அண்ணாச்சி, இது பத்தாயிரம், அந்தா அந்த டவர் வரைக்கும் அடிக்கும்"னு. ஒத்த செல் போடுற சின்ன லைட்டுல அவ்வளவு வெளிச்சம் நிக்கவே நிக்காது, எல்இடி சூடாகும், சூடு தாங்காம தானா இறங்கிரும். நடக்குறதுக்கு 50ல இருந்து 100 லூமென்ஸ் தாராளம். வெளிச்சத்த ரெண்டு மடங்காக்குனா கண்ணுக்கு ரெண்டு மடங்கா தெரியாது, கொஞ்சம் கூடுன மாதிரி தான் இருக்கும், பேட்டரி மட்டும் வேகமா காலியாகும்.

அட்டைப் பெட்டியில 100 மீட்டர்னு போட்டிருந்தா அந்த தூரத்துல வெளிச்சம் 0.25 லக்ஸ்க்கு (லக்ஸ்ங்குறது ஒரு இடத்துல விழுற வெளிச்சத்தோட அளவு) குறைஞ்சிருக்குன்னு அர்த்தம், ஏறக்குறைய பௌர்ணமி நிலா வெளிச்சம் அளவு தான். தைப்பூசம் வர்றதே பௌர்ணமிய ஒட்டி, வெட்டவெளியில நிலாவே போதும், மர நிழல்ல தான் லைட்டு வேணும். அதுக்கு தூரமா குத்துற ஒளி வேண்டாம், காலுக்கு முன்னாடி அகலமா பரவணும்.

நான் ரொம்ப முக்கியமா பாக்குறது நிறம். வெள்ளை எல்இடின்னு சொல்றமே, உள்ள இருக்குறது நீல எல்இடி தான், மேல பூசுன பாஸ்பர்ங்குற மஞ்சள் பொருள் அதுல கொஞ்சத்த மஞ்சளாக்கி ரெண்டும் கலந்து வெள்ளையாத் தெரியுது. அந்த நீல எல்இடிய கண்டுபிடிச்ச அகாசாகி, அமானோ, நாகமுரா மூணு பேருக்கும் 2014ல நோபல் கிடைச்சுது. பாஸ்பர் எப்படி இருக்குங்குறதப் பொறுத்து 6500 கெல்வின் (ஒளியோட நிறத்தச் சொல்ற அளவு) பக்கம் போனா நீலம் தூக்கும், 4000 பக்கம் இருந்தா கொஞ்சம் மஞ்சள் தட்டும். ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி பக்கம் ரோட்டோரம் பூரா வாழை, காஞ்ச சருகு அங்கங்க கெடக்கும். நீலம் தூக்குன லைட்டுல சருகு, மண்ணு, கல்லு எல்லாம் ஒரே சாம்பலா கெடக்கும், அதுல ஒரு கண்ணாடி விரியன் சுருண்டு கெடந்தா பிரிச்சுத் தெரியாது. 4000 பக்கம் உள்ள, சிஆர்ஐ (நிறத்த எவ்வளவு உள்ளபடி காட்டுதுங்குற மதிப்பு, 100 தான் உச்சம்) 90க்கு மேல இருக்குற லைட்ட அடிச்சுப் பாருங்க, சருகோட பழுப்பு வேற, விரியன் முதுகுல சங்கிலி மாதிரி ஓடுற அந்த வட்டம் வட்டமான கோலம் வேறன்னு கண்ணு பிடிச்சுரும். வெளிச்சம் குறைவா இருந்தாலும் எனக்கு இது தான் வேணும். வயக்காட்டுப் பூச்சி மூஞ்சியில வந்து மொய்க்குறதும் நீல ஒளிக்குத் தான் ஜாஸ்தி.

நெத்தியில இருந்து அடிக்குறப்ப ஒரு குறை உண்டு, கண்ணும் லைட்டும் ஒரே உயரத்துல இருக்குறதால பள்ளத்தோட நிழல் நமக்குத் தெரியாது, ரோடு தட்டையாத் தெரியும். ரோடு மோசமா இருக்குற இடத்துல கழட்டி இடுப்புல மாட்டுனா சின்ன குழி கூட நிழலோட எழுந்து நிக்கும்.

சிவப்பு லைட்டு இருக்குறது நல்லது, சத்திரத்துல படுத்திருக்குறவங்க மூஞ்சியில அடிக்காம பையில கைவிட்டுத் தேடலாம், இருட்டுக்குப் பழகுன கண்ணும் கெடாது (திரும்பப் பழக 20, 30 நிமிஷம் ஆகும்). ஆனா சிவப்புல நடக்காதீங்க, நிறம் பிரிச்சுத் தெரியாது.

செல் விஷயத்துல, இந்த லைட்டுகள்ல போடுற சார்ஜ் ஏத்துற செல்லுல 18650ன்னு இருக்கும், அதுன்னா 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். 9800 எம்ஏஹெச்னு (செல் எவ்வளவு சார்ஜ் பிடிக்கும்ங்குற அளவு) எழுதியிருந்தா வாங்காதீங்க, நல்ல செல்லே 3500 பக்கம் தான். ரன்டைம்னு (எவ்வளவு நேரம் எரியும்னு) போட்டிருக்குறதும் வெளிச்சம் பத்துல ஒரு பங்கா குறையுற வரைக்கும் உள்ள கணக்கு, அதனால லோ மோட்ல எவ்வளவு நேரம் ஒரே அளவா எரியும்னு கேளுங்க. கூட நடக்குறவர் பேசுறப்ப திரும்பிப் பாப்போம்ல, அதுக்கு முன்னால லைட்ட கீழ சாய்ச்சுருங்க, எதிர்ல வர்ற பஸ் டிரைவருக்கும் அதே தான்.