கோ யுவர் ஓன் வே: கசப்பு முதலில் டிரம்ஸில்தான்

தொடையில் தாளம் தட்டியபடி ஃப்ளீட்வுட் மேக் ராக் குழுவின் ‘கோ யுவர் ஓன் வே’ பாட்டைக் கேட்டுப் பாருங்கள். ஆரம்பத்தில் எலெக்ட்ரிக் கிட்டார் மட்டும் வெட்டி வெட்டிப் போகும். கை ஓரிடத்தைச் சமம், அதாவது தாளம் தொடங்கும் முதல் தட்டு, என்று பிடித்துக்கொள்ளும். டிரம்ஸ் உள்ளே வந்ததும் அது சமமில்லை என்று தெரிந்து கை தடுமாறும். சரணம் முழுக்க இந்தச் சந்தேகம் விடாது. கோரஸ் வந்த பிறகுதான் கால் தரையில் ஊன்றும்.

பிரிவைப் பற்றி ராக் பாட்டு எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் வார்த்தையைத்தான் முதலில் தேடுகிறார்கள். இந்தப் பாட்டில் வார்த்தைக்கு முன்னாலேயே தாளம் சண்டையை ஆரம்பித்துவிடுகிறது. அது எப்படி அமைந்தது என்று பார்க்கலாம்.

1976. கலிஃபோர்னியாவின் சாசலிட்டோ ஊரில் ரெக்கார்ட் பிளான்ட் ஸ்டூடியோ, ஜன்னல் இல்லாத கட்டடம். உள்ளே ஐந்து பேர். கிட்டாரும் பாட்டுமாக லிண்ட்சே பக்கிங்ஹாமும், பாடகி ஸ்டீவி நிக்ஸும் பல வருஷக் காதலை முறித்துக்கொண்டிருந்தார்கள். பேஸ் கிட்டார் வாசித்த ஜான் மெக்வீயும் கீபோர்ட் வாசித்த கிறிஸ்டின் மெக்வீயும் கணவன் மனைவியாக இருந்து பிரிந்தவர்கள். டிரம்மர் மிக் ஃப்ளீட்வுட்டின் குடும்பமும் உடைந்துகொண்டிருந்தது. பக்கிங்ஹாம் நிக்ஸை நினைத்து எழுதிய பாட்டு இது. கோரஸில் நிக்ஸும் சேர்ந்து பாடியாக வேண்டும்.

டிரம்ஸுக்கு பக்கிங்ஹாம் மனதில் வைத்திருந்தது ரோலிங் ஸ்டோன்ஸின் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டிங் மேன்’ பாட்டின் போக்கு. ஃப்ளீட்வுட்டுக்கு அது அப்படியே கையில் வரவில்லை. தனக்கு வந்தபடி டாம் டாம் என்னும் கனத்த ஒலி டிரம்களில் உருட்டி, அடி விழ வேண்டிய இடத்தை முன்பின்னாக மாற்றி வாசித்தார். தன் இயலாமையிலிருந்து வந்த வாசிப்பு என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். நல்லவேளை, யாரும் அதைத் திருத்தவில்லை. வழக்கமான ராக் பாட்டில் நாலு எண்ணிக்கையில் இரண்டாவதிலும் நாலாவதிலும் ஸ்நேர் என்னும் சுள்ளென்று ஒலிக்கும் டிரம் விழும். கேட்பவர் உடம்பு அதை நம்பித்தான் ஆடும். இங்கே சரணத்தில் அந்த நம்பிக்கையை எடுத்துவிட்டார்கள். கோரஸில் இரண்டும் நாலும் திரும்ப வருகின்றன. “நீ உன் வழியில் போ” என்று தீர்மானமாகச் சொல்லும் இடத்தில்தான் தாளமும் தீர்மானமாகிறது.

இதை வீட்டு ஸ்டூடியோவில் முயல்கிறவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. டாம் வாசிப்பைப் பதிந்த கையோடு மென்பொருளில் எல்லா அடிகளையும் இம்மி பிசகாத சம இடைவெளிக் கட்டத்துக்குள் இழுத்து ஒட்டிவிடுவார்கள். இந்த வேகத்தில், நிமிஷத்துக்குச் சுமார் 135 தட்டு என்று வைத்துக்கொண்டால், ஒரு தட்டுக்கு 444 மில்லி செகண்ட். அதில் 15, 20 மில்லி செகண்ட் முன்னே பாயும் அடிதான் கோபமாகக் கேட்கும். அதைக் கட்டத்தில் ஒட்டினால் வாசிப்பு இருக்கும், கோபம் போய்விடும். கோரஸை வேண்டுமானால் சீராக்குங்கள். சரணத்தைத் தொடாதீர்கள்.

தாளம் இப்படி நழுவினால் கேட்பவர் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். இந்தப் பாட்டு இடம்பெற்ற ‘ரூமர்ஸ்’ ஆல்பத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவரான கென் கலே இதைத்தான் சொல்கிறார்: பக்கிங்ஹாம் மேலே ஒரு அகூஸ்டிக் கிட்டாரைச் சேர்த்த பிறகுதான் பாட்டில் சமம் எங்கே என்று புரிந்தது. நம் கச்சேரியில் எடுப்பு அனாகதத்தில் இருந்தாலும், அதாவது பாட்டு சமத்துக்குப் பின்னால் தொடங்கினாலும், தாளம் போடும் கை சபைக்குத் தெரிகிறதே, அந்தக் கையின் வேலையை இங்கே அகூஸ்டிக் கிட்டார் செய்கிறது. பதியும்போது மைக்கைக் கிட்டாரின் ஓட்டைக்கு நேராக வைக்காமல், கழுத்து உடலோடு சேரும் இடத்தை நோக்கி ஒரு அடி தள்ளி வையுங்கள். 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலியை வெட்டிவிடுங்கள். நமக்கு அதில் தேவை கம்பியின் ‘சிக் சிக்’ மட்டும்தான். தாழ்ந்த ஒலியின் கனம் முழுக்க டாமுக்கும் பேஸுக்கும் சொந்தம். கிட்டார் அதில் கை வைத்தால் மூன்றும் குழம்பிச் சேறாகிவிடும்.

ஸ்வரத்தில் புதுமை எதுவும் கிடையாது. எஃப் மேஜர், நம் கணக்கில் 4 கட்டை. சரணம் எஃப், சி, பி ஃபிளாட் கார்டுகளில் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கொத்துகளில்) வெளிச்சமாகப் போகும். கோரஸ் டி மைனரில் தொடங்கி பி ஃபிளாட், சி என்று ஏறும். அதே சங்கராபரண ஸ்வரங்கள்தான், நிற்கும் இடம் மட்டும் இருட்டு. சி-யில் ஏறியவர் எஃப் வந்து இறங்குவார் என்று காது காத்திருக்க, பாட்டு திரும்பவும் டி மைனருக்கே போகிறது. வீடு வரை வந்துவிட்டு வாசலைத் தாண்டிப் போகிற ஆள் மாதிரி.

இனி வார்த்தை. சரணங்களில் திட்டு மிகக் குறைவு. முடிந்தால் என் உலகத்தையே உனக்குத் தருவேன் என்ற வரி இரண்டு சரணத்திலும் வருகிறது. முழுதும் வசைபாடும் பாட்டை இரண்டாம் முறை கேட்க மனசு வராது. கொடுக்கவும் தயாராக இருந்துகொண்டு கோபப்படுகிறவனைத்தான் நம்ப முடியும். உண்மையில் குத்துகிற வரி ஒன்றே ஒன்று, இரண்டாம் சரணத்தில்: ‘பேக்கிங் அப், ஷேக்கிங் அப்’. மூட்டை கட்டிக்கொண்டு எவனோடாவது போய் இருப்பதுதான் உனக்கு வேண்டும் என்கிற ஏச்சு. நம் யாப்பில் சொன்னால் அச்சான எதுகை. ஓசை அவ்வளவு இறுக்கமாகப் பூட்டியிருப்பதால்தான் அந்த வரி ஆணி மாதிரி உட்கார்ந்துவிட்டது. அது உண்மையில்லை, எடுத்துவிடு என்று நிக்ஸ் கேட்டார். பக்கிங்ஹாம் எடுக்கவில்லை. அது மேடையில் வரும்போதெல்லாம் தனக்கு எவ்வளவு ஆத்திரம் வந்தது என்று நிக்ஸ் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பாட்டாக அந்த வரி பலம்தான். ஆனாலும் அவர் கேட்டது நியாயம் என்றே நினைக்கிறேன். பெயர் சொல்லாவிட்டாலும் ஊருக்கே ஆள் தெரிந்த பாட்டில் மறுத்துப் பேச எதிராளிக்கு இடம் இல்லை.

கோரஸ் குரல்கள் மூன்று: பக்கிங்ஹாம், நிக்ஸ், கிறிஸ்டின். இப்படி அடுக்கும்போது ஒவ்வொரு குரலையும் இரண்டு முறை பதிந்து இடமும் வலமுமாகப் பிரியுங்கள். நடுவில் முதன்மைக் குரல் தனியாக நிற்கட்டும். மெய்யெழுத்தில் முடியும் சொற்களில் கவனம் வேண்டும். ஆறு பதிவிலும் ‘ட்’, ‘ஸ்’ வெவ்வேறு நேரத்தில் விழுந்தால் பட்டாசுச் சரம் மாதிரி கேட்கும். கடைசி மெய்யெழுத்தை ஒரு குரல் மட்டும் முழுசாக உச்சரிக்கட்டும், மற்றவர்கள் அதற்கு முந்தைய உயிரோசையோடு நிறுத்திவிடட்டும்.

கடைசி கிட்டார் தனி ஒரே மூச்சில் வாசித்தது போல இருக்கும். அப்படி இல்லை. பல முறை வாசித்ததிலிருந்து நல்ல துண்டுகளைப் பொறுக்கிக் கோத்தது. ஒட்டுத் தெரியாமல் இருக்க, ஒரு சொற்றொடர் முடிந்து மூச்சு விடும் இடத்தில் வெட்டக் கூடாது. அடுத்த சொற்றொடரின் முதல் அடி விழுவதற்குச் சற்று முன்னால் வெட்ட வேண்டும். அடியின் சத்தம் ஒட்டை மறைத்துவிடும்.

இத்தனை அடுக்கியதற்குப் பாட்டைப் பதிந்த காந்த நாடா விலை கேட்டது. 2 அங்குல அகல நாடா, 24 தடம். ஒவ்வொரு முறை போட்டுப் போட்டுப் பார்க்கும்போதும் காந்தப் பூச்சு தேய்கிறது. முதலில் போவது உச்ச ஒலி: விநாடிக்கு 15 அங்குல வேகத்தில் 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை நாடாவில் பிடிக்கும் நீளம் 0.038 மில்லிமீட்டர்தான். கிக்கும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஸ்நேரும் மங்கிப்போயிருப்பதை மாதக்கணக்கான வேலைக்குப் பிறகுதான் கவனித்தார்கள். அடிப்படை வாசிப்புகளை ஒரே சமயத்தில் இரண்டு இயந்திரங்களில் பதிந்திருந்ததால் ஆல்பம் பிழைத்தது. பிறகு மேலே சேர்த்த பதிவுகளை, ஓட்டாமல் வைத்திருந்த இரண்டாவது நாடாவுக்கு மாற்ற வேண்டும். இரண்டையும் இணைத்து ஓட்ட வழி இல்லை. ஒரு நிபுணர் ஒரு காதில் ஒரு இயந்திரம், மறு காதில் மற்றொன்று என்று ஹெட்போன் மாட்டிக்கொண்டு, வேகத்தைக் கையாலேயே கூட்டிக் குறைத்து ஒட்ட வைத்தார்.

பாட்டு 1976 டிசம்பரில் சிங்கிளாக, அதாவது தனிப் பாட்டுக்கான சின்னத் தட்டாக, வந்து அமெரிக்காவில் 10-ஆம் இடம் வரை ஏறியது. ‘ரூமர்ஸ்’ ஆல்பம் 1977 பிப்ரவரியில். அந்த ஆல்பத்துக்காக நிக்ஸ் எழுதிய பதில் பாட்டு ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’ அப்போது அதில் இடம்பெறவில்லை. நாலே முக்கால் நிமிஷத்துக்கு அருகில் ஓடுகிற மெதுவான பாட்டு அது. எல்பி என்னும் பெரிய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் இருபத்திரண்டு நிமிஷத்தைத் தாண்டினால் பள்ளங்கள் நெருங்கி ஒலி இளைத்துவிடும். அதனால் ஒதுக்கினார்கள். ஒதுக்கியதைக் கொண்டுபோய் எங்கே வைத்தார்கள் தெரியுமா? ‘கோ யுவர் ஓன் வே’ சிங்கிளின் பின்பக்கத்தில். 1976-இல் அந்தச் சின்னத் தட்டை வாங்கியவர் வீட்டில், ஒரு பக்கம் அவன் பேசுவான், திருப்பிப் போட்டால் அவள் பேசுவாள்.