சனிக்கிழமை இரண்டு மணி

"அப்பா, ட்ரினிட்டின்னா என்னப்பா?"

போன மாதம் எங்கள் ஊர் ரக்பி அணியான வேக்ஃபீல்டு ட்ரினிட்டியின் பெல் வியூ மைதானத்தை ஒட்டி நடந்து வரும்போது என் மகன் கேட்டான். ஒன்பது வயது. இங்கே இங்கிலாந்தின் யார்க்ஷயரில், வேக்ஃபீல்டில் ஒரு சிறுவர் ரக்பி அணியில் ஆடுகிறான். திரித்துவம், அதாவது பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "அது சர்ச்ல. டீமுக்கு எதுக்கு அந்தப் பேரு?" என்றான். ஏழு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், பதில் தெரியவில்லை. அன்று இரவே தேடிப் படிக்க உட்கார்ந்தேன்.

பதில் எளிமையானது. 1873-இல் ஹோலி ட்ரினிட்டி தேவாலயத்தைச் சேர்ந்த சில இளைஞர்கள் கூடி ஒரு ரக்பி கிளப் தொடங்கினார்கள். வேக்ஃபீல்டு ட்ரினிட்டி என்பது அவர்கள் வைத்த பெயர். சொந்த மைதானம் கிடையாது. ஊருக்கு வெளியே ஹீத் காமன் என்ற புல்வெளியில்தான் முதலில் ஆடினார்கள்.

இப்படிப்பட்ட கிளப்புகளை அந்தக் காலத்தில் 'ஜூனியர்' என்பார்கள். சின்னப் பையன்கள் என்று அர்த்தமில்லை. பெரிய கோப்பைகளில் இடம் கிடைக்காத சின்ன கிளப் என்றுதான் அர்த்தம். சர்ச் பெயரில் ஒன்று, ஆலை பெயரில் ஒன்று, தெருப் பெயரில் ஒன்று, மதுக்கடைப் பெயரில் ஒன்று என்று யார்க்ஷயர் முழுக்க முளைத்தன. உடை மாற்றும் அறை என்று தனியாக ஏது? பக்கத்து மதுக்கடையின் பின்னறைதான். பாதிக்கு மேல் காணாமல் போய்விட்டன. ட்ரினிட்டி நிலைத்தது.

இவ்வளவு பேருக்கு விளையாட எப்படி நேரம் கிடைத்தது என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. 1850-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் பெண்களும் இளவயதினரும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்றது. அவர்கள் கிளம்பிவிட்டால் எந்திரத்தை ஓட்டி என்ன பயன்? ஆலையே நின்றது. ஆண்களுக்கும் அரை நாள் கிடைத்தது. இந்தப் பக்கமெல்லாம் கம்பளி ஆலைகள். அந்த அரை நாளில்தான் இந்த ஆட்டம் வளர்ந்தது.

சரி, இடத்தைப் பார்த்துவிடலாம் என்று போன வாரம் மகனைக் கூட்டிக்கொண்டு ஹீத் காமனுக்குப் போனேன். பழைய கல்வீடுகள், நடுவே பெரிய புல்வெளி, தூரத்தில் இரண்டு குதிரைகள். பார்வைக்குச் சமதளம் போல இருக்கிறது, ஓடினால்தான் தெரிகிறது. புல்லுக்கடியில் முழுக்க மேடு பள்ளம், முந்தின நாள் மழையில் பள்ளமெல்லாம் தண்ணீர். பையன் பந்தை அணைத்துக்கொண்டு இருபது அடி ஓடினான், கால் மடங்கி விழுந்தான். எழுந்தபோது முழங்கால் வரை சேறு. "இங்கேயா ஆடினாங்க?" என்று கேட்டபோது அவன் குரலில் ஒரு மரியாதை வந்திருந்தது.

அப்போதைய விதிகளைச் சொன்னேன். எதிராளியின் முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பில் வேண்டுமென்றே உதைப்பதை 1871-இல்தான் தடை செய்தார்கள் என்றதும் வாயைப் பிளந்தான். ட்ரை விஷயம் அவனை இன்னும் உலுக்கிவிட்டது. கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பதற்கு முதலில் புள்ளியே கிடையாது. கோல் உதைக்க முயற்சி செய்ய ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். 'ட்ரை' என்ற பெயரே அதனால் வந்தது. 1875-க்குப் பிறகுகூட, கோல் சமமாக இருந்தால்தான் ட்ரைகளை எண்ணினார்கள். புள்ளிக்கணக்கு 1886-இல் வந்தது. "அப்ப உதைக்கத் தெரியாதவன் என்ன பண்ணுவான்?" என்று வீடு வரை கேட்டுக்கொண்டே வந்தான்.

பந்தைப் பற்றியும் ஒன்று படித்தேன். முன்பெல்லாம் தோலுக்குள் பன்றியின் சிறுநீர்ப்பையை வைத்து வாயால் ஊதுவார்கள். ரக்பி நகரத்தில் பந்து செய்த ரிச்சர்ட் லிண்டனின் மனைவி, அப்படி ஊதி ஊதியே நுரையீரல் நோய் வந்து இறந்தார் என்று சொல்கிறார்கள். லிண்டன் 1860-களில் ரப்பர் பைக்கு மாறினார். இதை மகனிடம் சொல்லவில்லை.

ட்ரினிட்டியின் வளர்ச்சி மளமளவென்று இருந்தது. 1877-இல் யார்க்ஷயர் கோப்பை தொடங்கியது. ஊர்க்காரர்கள் அதைச் செல்லமாகப் 'பழைய தகரப் பானை' என்பார்கள். 1879-இல் கிர்க்ஸ்டாலை வென்று ட்ரினிட்டி அதைக் கைப்பற்றியது. தேவாலயத்துப் பையன்கள் கூடி ஆறே வருடம்! அந்த ஆண்டிலேயே பெல் வியூவுக்கு வந்து சேர்ந்தார்கள். 1880, 1883, 1887 என்று கோப்பை மறுபடியும் மறுபடியும் வந்தது.

கோப்பை வந்தால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் வாசலில் காசு சேரும். ஆனால் ஆடுபவனுக்கு ஒரு பென்னி தரக் கூடாது என்பது விதி. ட்ரினிட்டியின் நட்சத்திரம் டெடி பார்ட்ரமுக்கு கிளப் துணைச் செயலாளர் என்று பதவி கொடுத்து, வருடத்துக்கு 52 பவுண்டு தந்தது. 1889-இல் அவரைத் தொழில்முறை ஆட்டக்காரர் என்று முத்திரை குத்தி விலக்கினார்கள்.

வெளியூர் ஆட்டத்துக்கு ரயில் பிடிக்க ஒரு சுரங்கத் தொழிலாளி காலையிலேயே கிளம்ப வேண்டும். அன்றைய கூலி போயிற்று. அந்தக் கூலியை மட்டுமாவது ஈடு செய்யுங்கள் என்பதுதான் 'புரோக்கன் டைம்' கோரிக்கை. 1893 செப்டம்பரில் ரக்பியை நடத்திய சங்கத்தின் லண்டன் கூட்டத்தில் யார்க்ஷயர் பிரதிநிதிகள் அதைத் தீர்மானமாகக் கொண்டுவந்தார்கள். ஆதரவு 136, எதிர்ப்பு 282. கட்டுப்படியாகாதவன் ஆட வேண்டாமே என்று பேசியவர்களும் உண்டு. அதைப் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் சூடேறியது. நான் கிடங்கில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். போகாத மணிக்குச் சம்பளம் இல்லை. மகனின் சனிக்கிழமை ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் எனக்கு ஒரு விலை இருக்கிறது.

1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கத்திக் கிளப்புகள் கூடி, தனிச் சங்கம் தொடங்கினார்கள். தொடக்க உறுப்பினர்களில் வேக்ஃபீல்டு ட்ரினிட்டியும் உண்டு. இழந்த வேலைநாளுக்கு 6 ஷில்லிங் வரை ஈடு என்று முடிவானது. இன்றைக்கு நாம் ரக்பி லீக் என்று சொல்லும் ஆட்டம் அந்த 6 ஷில்லிங்கில் பிறந்தது.

மகனுக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசித்து, கடைசியில் நேராகவே சொன்னேன். வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் கேட்டாங்க, தர மாட்டேன்னாங்க, அதனால தனியாப் போயிட்டாங்க. கொஞ்ச நேரம் பேசாமல் பூட்ஸில் காய்ந்த சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தான். அப்புறம், "சனிக்கிழமை நீ வருவியாப்பா?" என்றான்.

கூட வேலை செய்யும் நண்பருக்கு அன்றே போன் செய்தேன். என் சனிக்கிழமை ஷிப்டை அவர் எடுத்துக்கொள்கிறார், அவருடைய ஞாயிறு இரவை நான் பார்க்கிறேன். ஆட்டம் காலை பத்து மணிக்கு.