ஷ்வேக்கு வின்கிரிஸ்டின் போட்ட கதை

ரங்கூன் நகருக்குள் தெருநாயை யாரும் வளர்ப்பதில்லை, சோறு வைக்கிறவர்கள்தான் உண்டு. ஷ்வேயும் அப்படி ஒரு நாய்தான். எங்கள் கட்டடத்துக்குப் பின்சந்தில் பிறந்தது. எந்த வீட்டில் இன்றைக்கு மீன் என்று மாடிப்படி ஏறாமலே சொல்லிவிடும். மழைக்காலத்தில் அதற்குப் பின்பக்கம் ரத்தம் சொட்ட ஆரம்பித்தது. பருவத்துக்கு வந்திருக்கிறது என்று தெருவே சொன்னது. பருவ ரத்தம் என்றால் இரண்டு மூன்று வாரத்தில் நின்றிருக்க வேண்டும், இது நிற்கவில்லை. வாலைத் தூக்கிப் பார்த்தேன். பிறப்புறுப்பின் உள்ளிருந்து சிவப்பாக, காலிஃபிளவர் மாதிரி, தொட்டால் உதிர்கிற ஒரு சதை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

முதலில் போன இடத்தில் நாயை மேசைமேல் ஏற்றவே விடவில்லை. "தெருநாய்க்கா இவ்வளவு செலவு? ஏதாவது மடத்தில் விட்டுவிடுங்கள், பிக்குகள் பார்த்துக்கொள்வார்கள்" என்றார்கள். இந்த ஊரில் வேண்டாத நாய்க்கெல்லாம் சொல்கிற பதில் அது. மடத்து நாய்கள் ஒன்றோடொன்று கூடும், இந்த நோயும் கூடவே பரவும் என்பது கால்நடை மருத்துவம் படித்தவருக்குத் தெரியாமலா இருக்கும்?

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் ஒரு பர்மியப் பெண். நான் சயாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் சதையில் ஒரு கண்ணாடித் துண்டை ஒற்றி எடுத்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்தார். அப்புறம் என்னையும் பார்க்கச் சொன்னார். உருண்டை உருண்டையாகச் செல்கள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஊசியால் குத்தியது போல வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக. "இந்த ஓட்டைகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இது தொற்றுப் புற்று" என்றார்.

புற்றுநோய் தொற்றுமா என்று கேட்டேன். வைரஸ் மூலமாக வருகிறதோ என்று நினைத்துதான் கேட்டேன். வைரஸ் இல்லையாம். ஒரு நாயின் புற்றுச் செல்லே கலவியின்போது இன்னொரு நாயின் உடம்பில் ஒட்டி, அங்கேயே வளர்கிறது. அதாவது ஷ்வேயின் கட்டி ஷ்வேயினுடையதே அல்ல. எப்போதோ ஆசியாவில் வாழ்ந்த ஏதோ ஒரு நாயின் செல்கள்தான் உடம்பு விட்டு உடம்பு தாவி இன்னும் செத்துப்போகாமல் இருக்கின்றன. வீட்டுக்கு வந்து இதையே இரவெல்லாம் படித்தேன். ரஷ்யக் கால்நடை மருத்துவர் நோவின்ஸ்கி 1876லேயே இந்தக் கட்டியை ஒரு நாயிலிருந்து எடுத்து இன்னொரு நாயில் வளர்த்துக் காட்டியிருக்கிறார். உலகம் முழுக்க எல்லாம் ஒரே செல் வம்சம் என்று 2006ல் மரபணு ஆய்வில் உறுதியானது. 43 நாடுகளிலிருந்து 546 கட்டிகளை எடுத்து 2019ல் வந்த ஆய்வு, இந்த மூல நாய் 4000 முதல் 8500 ஆண்டுகளுக்கு முன்னால் வாழ்ந்திருக்கும் என்கிறது. நாய்க்கு 78 குரோமோசோம், இந்தக் கட்டியில் அறுபதை ஒட்டித்தான் இருக்கும். மனிதருக்கு இது தொற்றாது. சோறு வைக்கிற வீடுகளில் முதலில் கேட்டது அதைத்தான், அதனால் சொல்லிவிடுகிறேன்.

மருந்து வின்கிரிஸ்டின். வாரம் ஒரு ஊசி, பொதுவாக நான்கிலிருந்து எட்டு வாரம். பெரும்பாலான நாய்களில் கட்டி முழுதாகக் கரைந்துவிடும், வெட்ட வேண்டியதில்லை. வெட்டினால் திரும்ப வருவதும் அதிகம் என்றார் சயாமா. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. கஷ்டம் மற்ற விஷயங்களில்.

முதல் கஷ்டம் குளிர்சாதனப்பெட்டி. இந்த மருந்து 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். எங்கள் பகுதியில் மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்பது அட்டவணையில் மட்டும்தான் இருக்கிறது. கடைக்காரர் குப்பியைக் கொடுக்கும்போது அவர் பெட்டியில் கரண்ட் இருந்ததா என்று கேட்டுத்தான் வாங்கினேன், முறைத்தார். வீட்டில் ஐஸ் கட்டி போட்ட மீன் பெட்டிக்குள் ஒரு தெர்மாமீட்டரையும் சேர்த்து வைத்தேன். நீங்களும் வாங்கினால் அதைச் செய்யுங்கள்.

இரண்டாவது, நாயைக் கொண்டுபோவது. டாக்சிக்காரர்கள் தெருநாய் என்றால் நிற்க மாட்டார்கள். நகருக்குள் மோட்டார் சைக்கிள் தடை. கடைசியில் ஒரு சைக்காக்காரர்தான் வந்தார். பக்கத்தில் இருக்கை வைத்த சைக்கிள் ரிக்‌ஷாவுக்கு இங்கே அதுதான் பெயர். ஷ்வே பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அனவ்ரத்தா சாலையில் மகாராணி மாதிரி போகும். திரும்பி வரும்போது என் மடியில் தலையை வைத்துவிடும்.

ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் ரத்தப் பரிசோதனை. இந்த மருந்து வெள்ளை அணுக்களைக் குறைக்கும். மிகவும் குறைந்திருந்தால் அந்த வாரம் தள்ளிப்போட வேண்டும், எங்களுக்கும் ஒரு முறை அப்படி ஆனது. ஊசி நேரே ரத்தக் குழாய்க்குள்தான் போக வேண்டும். வெளியே கசிந்தால் அந்த இடத்துச் சதை அழுகிவிடும். அதனால் சயாமா முன்னங்காலில் கேனுலா என்கிற மெல்லிய குழாயைப் போட்டு, முதலில் உப்புநீர் செலுத்தி, வீங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் மருந்தை ஏற்றுவார். பதினைந்து கிலோ நாய்க்கு அரை மில்லிகூட வராது. நிறமில்லாத தண்ணீர். இதற்கா இத்தனை அமர்க்களம் என்று தோன்றும்.

இந்த இடத்தில்தான் எதிர் வீட்டு அக்கா உள்ளே வந்தார். மூன்றாம் மாடி. ஷ்வேயைக் கண்டாலே விரட்டுகிறவர். ஒருநாள் காலிக் குப்பியை உறைபோட்ட கையோடு நான் பையில் கட்டிக்கொண்டிருந்தபோது, வாங்கிப் பெயரைப் படித்துவிட்டு, "தம்பி, இது எங்க பையனுக்குப் போட்டதாச்சே?" என்றார். அவருடைய மகனுக்குச் சின்ன வயதில் ரத்தப் புற்றுநோய். இப்போது வேலைக்குப் போகிறான். எனக்கு அதுவரை தெரியாது.

அதற்குப் பிறகு எனக்குச் சயாமாவைவிட அக்காதான் அதிகம் சொல்லிக்கொடுத்தார். ஊசிக்குப் பிறகு மலச்சிக்கல் வரும், பப்பாளி கொடு என்றார். பையனுக்கு விரல் மரத்துப்போய்ச் சட்டைப் பொத்தான் போட முடியாமல் இருந்ததாம், நாய்க்கும் கால் மரக்கும், நடையைக் கவனி என்றார். ஊசி போட்ட சில நாளைக்கு மூத்திரத்தையும் மலத்தையும் உறை போடாமல் தொடாதே, மாசமாக இருக்கிறவர்களைக் கிட்டே விடாதே என்றார். சயாமாவிடம் கேட்டேன், எல்லாம் சரி என்றார். இந்த ஊரில் மாடி வீடுகளிலிருந்து கிளிப் மாட்டிய கயிறு தெருவுக்குத் தொங்கும் அல்லவா, பேப்பருக்கும் பாலுக்கும்? அக்கா வீட்டுக் கயிற்றில் காலையில் ஒரு பை இறங்கும், உள்ளே இரண்டு அவித்த முட்டை. கீழே இறங்கி வந்து கொடுக்க மட்டும் மாட்டார்.

மருந்து எடுக்கும் செடி நித்திய கல்யாணி. அக்காவின் பால்கனித் தொட்டியிலேயே பூத்திருக்கிறது, சாமிக்குப் பறிப்பார். சர்க்கரை நோய்க்கு நாட்டு மருந்தாகப் பயன்பட்ட செடி அது. 1950களில் கனடாவில் அதைச் சோதித்தபோது எலிகளின் சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள்தான் குறைந்தன. அப்படியானால் வெள்ளை அணுக்கள் பெருகுகிற நோய்க்குக் கொடுத்துப் பார்க்கலாமே என்று போன வழியில்தான் வின்கிரிஸ்டின் கிடைத்தது, 1963ல் அமெரிக்காவில் அனுமதியானது. நான் ஒவ்வொரு வாரமும் பயந்துகொண்டே காத்திருந்த அந்த ரத்த எண்ணிக்கைதான் மருந்தையே கண்டுபிடிக்க வைத்திருக்கிறது.

மனித மருத்துவத்துக்கு இந்த நாய்க் கட்டியால் என்ன பயன் என்று கேட்டால், எனக்குப் புரிந்த அளவில் இதுதான். அந்நிய உடம்பின் செல்லை நம் எதிர்ப்புச் சக்தி உடனே அடையாளம் கண்டு தாக்க வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர் வாழ்நாளெல்லாம் மாத்திரை சாப்பிடுவது அதனால்தான். இந்தக் கட்டியோ தன் அடையாளத்தை மறைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தப்பித்திருக்கிறது. ஆனால் வின்கிரிஸ்டின் போட்டதும் நாயின் எதிர்ப்பு அணுக்கள் கட்டிக்குள் கூட்டமாக நுழைகின்றன. கரையும் கட்டிகளை ஊசிக்கு ஊசி எடுத்துப் பார்த்த ஒரு ஆய்வு 2018ல் இதைப் படிப்படியாகக் காட்டியது. மருந்து தொடங்கி வைக்கிறது, உடம்பு முடித்து வைக்கிறது. மனிதப் புற்றுகளும் இதே போல ஒளிந்துகொள்கின்றன, அவற்றை எப்படி வெளியே இழுப்பது என்றுதான் தேடுகிறார்கள்.

ஷ்வேக்கு இரண்டாம் ஊசிக்குப் பிறகு ரத்தம் நின்றது. அப்புறம் சதை சுருங்கி வெளிறிப்போனது. கடைசியில் சயாமா கையுறை விரலால் தடவிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்றார். அதற்குப் பிறகும் ஒரு ஊசி போட்டோம். ரத்த அணுக்கள் தேறியதும் கருத்தடையும் செய்தாயிற்று. பால்மடியில் வருகிற கட்டிகள் ஹார்மோனோடு சம்பந்தப்பட்டவை, முதல் பருவத்துக்கு முன்னால் செய்திருந்தால் அந்தப் பயமும் பெரும்பாலும் இருந்திருக்காது என்றார் சயாமா. சந்து நாய்க்கு முதல் பருவம் எப்போது என்று யார் பார்த்தது?

இன்னும் ஒரு வேலை பாக்கி. பக்கத்துச் சந்தில் ஒரு கறுப்பு ஆண் நாய், சிறுநீர் போகும்போது அதற்கும் ரத்தம் சொட்டுகிறது. சோற்றுக்கு வருகிறது, கயிற்றைக் கண்டால் ஓடிவிடுகிறது. ரங்கூனில் நாய் பிடிக்கும் வலை யாரிடமாவது இருந்தால் இரண்டு நாளைக்குக் கொடுங்கள், சைக்கா நான் பேசிக்கொள்கிறேன்.